மழை நாளில் பஸ் பார்க்கப் போங்கள்

"தம்பி, பஸ் வாங்கினனி எண்டால் என்ன, ரூட் எடுத்து ஓடப் போறியோ?"

அம்மா இப்படித்தான் கேட்டார். வட்ஸ்அப்பில் நான் அனுப்பிய படம் அப்படி. வெள்ளை உடம்பு, இடுப்பில் ஒரு நீலக் கோடு, மடக்குக் கதவு, முன்கண்ணாடிக்கு மேலே ஊர்ப்பெயர் போடுகிற பெட்டி. யாழ்ப்பாணம் கொக்குவிலில் விறாந்தையில் இருந்து மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தவருக்கு அது கே.கே.எஸ். வீதியில் ஓடும் மினி பஸ் மாதிரித்தான் தெரிந்திருக்கும். உள்ளே கட்டில் இருக்கிறது, குசினி இருக்கிறது, லீவு நாட்களில் எங்கேயாவது கொண்டுபோய் நிறுத்திவிட்டு அதற்குள் தங்கலாம் என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"வீடு இருக்கேக்கை ஏன் றோட்டிலை படுக்கிறியள்?"

அம்மா அதைப் பகிடியாகக் கேட்கவில்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு, யுத்தத்துக்குப் பயந்து எங்கள் வலிகாமப் பகுதி முழுவதும் ஊரைவிட்டு ஒரே றோட்டில் இறங்கி நடந்தபோது, அப்பாவின் சைக்கிள் கரியரில் அரிசி மூட்டையும் அதற்கு மேலே நானுமாக நாவற்குழிப் பாலத்தைக் கடந்தோம். எனக்கு ஒன்பது வயது. கொடிகாமத்தில் ஒரு தென்னங்காணிக்குள் தறப்பாள் கட்டி ஐந்து மாதம் இருந்தோம். வீட்டைத் தூக்கிக்கொண்டு திரிவது என்றால் என்னவென்று அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். அதைக் காசு கொடுத்து வாங்குகிற மகனைத்தான் அவருக்கு விளங்கவில்லை.

அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்றுவரை ஒழுங்கான பதில் இல்லை. என்ன வாங்கினேன், எதைப் பார்த்து வாங்கினேன், எதைப் பார்க்காமல் விட்டேன் என்பதை மட்டும் சொல்லலாம். நியூசிலாந்தில் முதன்முதலாக மோட்டார் வீடு வாங்க நினைத்து, மாற்றிக்கட்டிய பஸ்களின் பக்கம் கண் போகிறவர்களுக்கு அது உதவக்கூடும்.

வெலிங்டனுக்குப் பக்கத்தில் லோவர் ஹட்டில் இருக்கிறோம். பத்து வருடம் கூடாரத்தோடு அலைந்தோம். வெலிங்டன் காற்றில் ஒருமுறை நின்றவர்களுக்கு மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை. ஒரு ஈஸ்ரர் விடுமுறையில் கூடாரக் கம்பி இரண்டாக முறிந்து, மூன்று பேரும் காருக்குள் குந்தியிருந்து விடிய வைத்தோம். "இஞ்சருங்கோ, இனிமேல் கூடாரம் எண்டால் நீங்களும் பிள்ளையும் போங்கோ. நான் வீட்டிலை நிம்மதியா நித்திரை கொள்ளுறன்" என்று மனைவி சொல்லிவிட்டார். புதிதாகக் கட்டி விற்கிற மோட்டார் வீடுகளின் விலை ஆறு இலக்கத்தில் நின்றது. எங்களிடம் இருந்தது ஐம்பதாயிரம் டொலருக்குக் கொஞ்சம் குறைய. அந்தக் காசுக்குப் பழைய பஸ்தான்.

இங்கே வீடாக மாறியிருக்கிற சின்ன பஸ்களில் அநேகமானவை யப்பானில் பிறந்தவை. 1980களின் கடைசியில் பழைய வாகனங்களின் இறக்குமதி பெருகத் தொடங்கியது. அங்கேயும் இடப்பக்க ஓட்டம், இங்கேயும் இடப்பக்க ஓட்டம், ஸ்ரியரிங்கை மாற்றத் தேவையில்லை. ஹொட்டேலுக்கும் பாலர் பள்ளிக்கும் ஓடிக் களைத்த ரொயோட்டா கோஸ்டர், மிற்சுபிசி ரோசா, நிசான் சிவிலியன் எல்லாம் கப்பலில் வந்து இறங்கின. இலங்கைக்கும் ஏறக்குறைய இதே கதைதான். யாழ்ப்பாணத்தில் ரோசா என்றால் யாரும் பூவை நினைக்கமாட்டார்கள். கடைசிச் சீற்றில் ஆறு பேர், மிதிபலகையில் நாலு பேர், அதுதான் ரோசா. சீற் எல்லாம் கழற்றிய ஒரு கோஸ்டருக்குள் முதல்முறை ஏறி அந்த வெறும் நீளத்தைப் பார்த்தபோது, "பின்னுக்குப் போங்கோ, பின்னுக்குப் போங்கோ, நடுவிலை இடங்கிடக்கு" என்ற கொண்டக்டரின் குரல்தான் காதுக்குள் கேட்டது.

வாகனத்தை மாற்றிக்கட்டுவதும் எங்களுக்குப் புதிதில்லை. கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையில் ஓடிய தட்டிவானை யோசித்துப் பாருங்கள். பழைய லொறிச் சட்டத்துக்கு மேலே உள்ளூர்த் தச்சர் பலகையால் கட்டிய கூடு. பக்கமெல்லாம் திறந்தபடி. பின்தட்டியில் வாழைக்குலையும் தேங்காய்ச் சாக்கும். பலகை எந்த இடத்தில் இரும்போடு உராயும், மழைத்தண்ணீர் எந்த மூலையில் தேங்கும் என்பது அந்தத் தச்சருக்குத் தெரிந்திருந்தது. பஸ் பார்க்கப் போன இடமெல்லாம் நான் தேடியது அந்த மாதிரி ஒரு ஆளைத்தான். மாற்றிக்கட்டிய பஸ்ஸுக்குக் கொடுக்கிற காசில் பாதி வாகனத்துக்கு, மற்றப் பாதி முன்பின் தெரியாத ஒருவரின் கைவேலைக்கு. எஞ்சினைப் பார்க்க மெக்கானிக் இருக்கிறார். கையைப் பார்க்க யாரும் இல்லை, நாமேதான் பார்க்கவேண்டும்.

முதலில் பார்த்தது ஒரு பெட்போர்ட். நியூசிலாந்து ரயில்வேயின் வீதிச் சேவை ஒரு காலத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பெட்போர்ட் எஸ்பி பஸ்களை ஓட்டியது. ஓய்வுபெற்றவற்றை வாங்கிப் புகைக்கூண்டும் மரக்கதவும் வைத்து வீடாக்கி, ஊர் ஊராகத் திரிந்த ஒரு தலைமுறை இங்கே உண்டு. நாங்கள் பார்த்ததற்குள் விறகு அடுப்பும் நிறக்கண்ணாடி யன்னலும் இருந்தன. மகள் இறங்க மறுத்துவிட்டாள். ஆனால் அதன் மொத்த எடை ஆறு தொன்னைத் தாண்டியது. சாதாரணக் கார் லைசன்ஸில் 6,000 கிலோ வரைதான் ஓடலாம், அதற்கு மேலே இரண்டாம் வகுப்பு எடுக்கவேண்டும். இனிமேல் நான் சோதனை எழுதிப் பாஸ் பண்ணமாட்டேன் என்று மனைவி அங்கேயே தீர்ப்புச் சொன்னார்.

இரண்டாவது ஒரு ரோசா. படத்தில் பார்த்தால் மயங்கிவிடுவீர்கள். வெள்ளை ஓடு பதித்த குசினி, தொங்குகிற செடி, மஞ்சள் பல்ப். நேரில் போனால் அடிப்பக்கம் முழுக்கப் புதிதாக அடித்த கறுப்புப் பூச்சு. பெண் பார்க்க வருகிற கிழமையில் வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறோம் இல்லையா, அந்த மாதிரி. அடித்தது குற்றமில்லை, சுவரைத் தட்டிப் பார்ப்பதும் குற்றமில்லை. ஸ்குரூட்ரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போனேன். நல்ல இரும்பு 'ணங்' என்னும். பின்சக்கரத்துக்கு மேலே ஒரு இடத்தில் 'பொத்' என்றது. தட்டிய என்னைவிட விற்கிறவரின் முகம்தான் முதலில் மாறியது.

மூன்றாவதுதான் எங்களுடையது. வங்கனுயியில் ஒரு வீட்டு முற்றம். எழுபது தாண்டிய தச்சர் ஒருவர், தானே கட்டியது. மனைவியின் முழங்கால் படியேற விடவில்லை என்பதால் விற்கிறார்கள். 1997 ஆம் ஆண்டுக் கோஸ்டர், நீளமானது, ஏழு மீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றர் குறைவு. அந்த ஒரு சென்ரிமீற்றர் பெரிய விசயம், ஏனென்றால் தென்தீவுக்குப் போகிற கப்பலில் நீளத்தை வைத்துத்தான் காசு. எஞ்சின் லான்ட் குரூசரில் வருகிற அதே 4.2 லீற்றர், ஆறு சிலிண்டர், டர்போ இல்லாதது. மேட்டில் மூச்சுவாங்கும், ஆனால் எளிதில் சாகாது. அதன் ரைமிங் பெல்ற்றை ஒரு இலட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றவேண்டும். கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டேன். உள்ளே போய்ப் பழைய கொப்பி ஒன்றை எடுத்துவந்தார். பெல்ற், எண்ணெய், பிரேக், யன்னல் ரப்பர் என்று எல்லாவற்றுக்கும் திகதியும் மீற்றர் எண்ணும் பென்சிலில். பஸ்ஸை வாங்குவதா என்று பிறகுதான் யோசித்தேன், அந்தக் கொப்பியை அப்போதே வாங்கிவிட்டேன்.

கறள் பார்க்கிற வேலை ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. தறப்பாள் ஒன்றை விரித்து மல்லாக்கப் படுத்துக்கொண்டு ஊர்ந்தேன், மகள் ரோச் லைற் பிடித்தாள். யப்பானின் வடக்கே ஹொக்கைடோ பக்கம் ஓடிய வாகனமென்றால் பனிக்காலத்தில் றோட்டில் போடுகிற உப்பு அடிச்சட்டத்தைத் தின்றிருக்கும். அது முதற் கவலை. அதைவிடப் பெரிய கவலை மேலிருந்து வருவது. பஸ்ஸுக்கு யன்னல் அதிகம். ஒவ்வொரு யன்னலும் ஒரு ரப்பர், ஒவ்வொரு ரப்பரும் ஒரு வாசல். உள்ளே இறங்குகிற தண்ணீர் பலகைக்குப் பின்னால் நின்று வருடக்கணக்கில் இரும்பைத் தின்னும். வெளியே தெரிகிற நேரம் அங்கே இரும்பு இருக்காது, பெயின்ற் மட்டும் நிற்கும். அதனால் யன்னலுக்குக் கீழேயுள்ள பலகை ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திப் பார்த்தேன். மணந்தும் பார்த்தேன். ஊறின பலகைக்கு ஒரு பழைய சாக்கு மணம் உண்டு. அங்கே வந்தது தேயிலை மணம்தான்.

ரயரின் பக்கத்தில் நாலு இலக்கம் அடித்திருக்கும், எந்த வருடத்தின் எத்தனையாம் கிழமையில் செய்தது என்று. பூ தேயாமல் புதுசாகத் தெரிந்தவை பதினொரு வயது. கோஸ்டருக்குப் பின்னால் இரட்டைச் சக்கரம், ஆக ஆறு ரயர். விலையில் அதைக் கழிக்கச் சொன்னேன், கழித்தார்.

இன்னொன்று, கேட்கச் சிரிப்பாக இருக்கும். சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் படுத்துப் பாருங்கள். கோஸ்டரின் வெளி அகலம் இரண்டு மீற்றரும் சொச்சமும். உள்ளே குளிர்க்காப்பும் பலகையும் அடித்தபிறகு எனக்குக் குறுக்கே படுக்க முடியவில்லை, தலையும் காலும் முட்டின. தச்சர் நெடுக்காகக் கட்டில் போட்டிருந்தார். நாங்கள் மூன்று பேரும் படுத்துப் பார்த்தோம். விற்கிறவர்கள் இரண்டு பேரும் வாசலில் நின்று, பிள்ளைகளை நித்திரையாக்கிய ஆட்கள் மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கடுதாசி விசயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அவற்றில் சுவையில்லை. மூன்றரை தொன்னுக்கு மேற்பட்ட வாகனத்துக்குக் கார்களுக்குள்ள பரிசோதனை போதாது, பாரவாகனத்துக்குரிய தகுதிச் சான்றிதழ் வேண்டும். நான் வாங்கிய காலத்தில் அது ஆறு மாதத்துக்கு ஒருமுறை. விற்கும்போது அது ஒரு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்கவேண்டும். டீசல் என்பதால் ஓடுகிற ஒவ்வொரு ஆயிரம் கிலோமீற்றருக்கும் வீதிவரியை முன்கூட்டியே கட்டவேண்டும். சக்கரத்தின் நடுவில் பூட்டியிருக்கிற சின்ன மீற்றர்தான் அதற்குக் கணக்கு. அந்த மீற்றர் எண்ணும் வரி கட்டிய எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், முந்தியவர் கட்டாமல் ஓடிய தூரம் உங்கள் தலையில் விழலாம். வாகனத்தின் மேலே கடன் இருக்கிறதா என்று பதிவேட்டில் தேடுங்கள். கரன்ற் வயரிங்குக்கு நாலு வருடச் சான்றிதழ் தனி, காஸுக்குத் தனி. பதிவில் இன்னும் 'பஸ்' என்று கிடக்கிறதா, மோட்டார் வீடு என்று மாற்றியாகிவிட்டதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாற்பத்து மூவாயிரத்து ஐந்நூறுக்கு முடிந்தது. 2023 செப்ரெம்பர், ஒரு சனிக்கிழமை. நல்ல வெயில்.

அந்த வெயிலை நினைவில் வைத்திருங்கள், பிறகு வருகிறேன்.

முதல் நாள் ஓட்டம் கை நடுங்கியது. எஞ்சின் எனக்கும் மனைவிக்கும் நடுவில் ஒரு பெட்டிக்குள் இருந்து உறுமியது, சூடும் சத்தமும் முழங்காலில். சாரதி ஆசனம் முன்சக்கரத்துக்கு மேலே என்பதால், காரில் பழகிய இடத்தில் வளைத்தால் பின்சக்கரம் ஒழுங்கைக் கல்லில் ஏறும். கொஞ்சம் முன்னுக்குப் போய், மனதுக்குள் ஒன்று இரண்டு எண்ணித்தான் வளைக்கவேண்டும். வால்பக்கம் வேறு எதிர்ப்பக்கமாக வீசும். 2022 இல் திறந்த 27 கிலோமீற்றர் ட்ரான்ஸ்மிஷன் கல்லி வீதியின் மேட்டில் மணிக்கு நாற்பதுக்கு இறங்கிவிட்டோம். பின்னால் வால் நீண்டது. மூன்றரை தொன்னுக்கு மேலென்றால் சட்டப்படியே தொண்ணூறுக்கு மேல் ஓடக்கூடாது. எனக்கு அந்தத் தொண்ணூறு வெறும் செவிவழிச் செய்தி. மகள் மட்டும் கதவு மடக்குகிற நெம்பைப் பிடித்துக்கொண்டு, நான் சொல்லிக்கொடுத்தபடி, "கொடிகாமம், சாவகச்சேரி, யாழ்ப்பாணம்" என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தாள்.

முதல் பயணம் ரெமுட்டாக்கா மலையைத் தாண்டி வைரராப்பாப் பக்கம். உச்சி 555 மீற்றர், வளைவுக்கு மேல் வளைவு. இறங்கும்போது பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே போனால் சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறின கியரிலேயே இறங்கவேண்டும், எஞ்சினின் புகைவழியை அடைத்து வேகத்தைக் குறைக்கிற எக்ஸோஸ்ற் பிரேக் நெம்பையும் இழுத்துவிடவேண்டும். அப்படியே தென்கிழக்கு மூலைக்குப் போய், ஙாவி என்ற மீன்பிடிக் கிராமத்தில் இரவு தங்கினோம். தமிழில் சொல்லுக்கு முதலில் நிற்க இடமில்லாமல் திரிகிற 'ங'வுக்கு மாவோரி மொழியில் ஒரு ஊரே இருக்கிறது. அங்கே துறைமுகம் இல்லை. கடற்கரையில் வரிசையாகப் பழைய புல்டோசர்கள் நிற்கும், அவைதான் வள்ளங்களை அலைக்குள் தள்ளி, திரும்ப இழுத்தெடுப்பவை.

காலையில் திறப்பைத் திருப்பினேன். 'டிக்'. அவ்வளவுதான்.

பக்கத்தில் நின்ற ஒருவர் காரையும் வயரையும் கொண்டு ஓடிவந்தார். அப்போதுதான் எனக்கே உறைத்தது. இந்தக் கோஸ்டர் 24 வோல்ற், பன்னிரண்டு வோல்ற் பற்றரி இரண்டைத் தொடராகப் பூட்டியது. கார் 12 வோல்ற். காரின் பன்னிரண்டு எங்கள் இருபத்து நாலுக்குப் போதாது. கடைசியில் ஒரு மீனவர் வந்து குனிந்து பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போனார், கடற்கரையில் இருந்து கறள் பிடித்த புல்டோசர் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். அது 24 வோல்ற். பஸ் உறுமி எழும்பியது. காசு கொடுக்கப் போனேன், கையை அசைத்துவிட்டார். மனைவி ஒரு பெட்டி முறுக்கைக் கொடுத்தார், அதை வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து கொப்பியைப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தின் மூலையில் பென்சிலில் சின்னதாக ஒரு வரி: உள்வெளிச்சம், பம்பி, இரண்டுக்கும் முதலாம் பற்றரியில் இருந்து 12 வோல்ற். வாங்கிய அன்று அதை வாசித்திருந்தேன், விளங்கவில்லை. வீட்டுச் சாமான்கள் எல்லாம் 12 வோல்ற்றில் வேலைசெய்பவை என்பதால், தச்சர் இரண்டு பற்றரியில் ஒன்றிலிருந்து மட்டும் குறுக்குவழியில் கரன்ற் எடுத்திருக்கிறார். ஒன்று இரவிரவாக வடியும், மற்றது நிறைந்திருக்கும். ஓடும்போது அல்ரனேற்றர் இரண்டையும் ஒன்றாக நினைத்து ஏற்றும். வடிந்தது முழுதாக நிறையாது, நிறைந்தது கொதித்துச் சாகும். ஒரே தட்டில் இரண்டு பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்ட கதை. செய்யவேண்டியது 24 ஐ 12 ஆக மாற்றுகிற கருவி ஒன்றைப் போட்டு, வீட்டுக்கென்று தனிப் பற்றரி வைப்பது. செய்தோம். புதுப் பற்றரிகளோடு சேர்த்து இரண்டாயிரம் டொலருக்கு மேலே போனது. மரவேலையில் அந்த மனிதரின் கையில் ஒரு மயிரிழை பிசகில்லை. கரன்ற் அவருடைய தொழிலில்லை, அவ்வளவுதான். நீங்கள் போகும்போது கேளுங்கள்: உங்கள் தொழில் என்ன? அந்தத் தொழிலுக்கு வெளியே எதையெல்லாம் நீங்களே செய்தீர்கள்? இரண்டாவது பதிலில் சொல்கிறவற்றை மட்டும் ஆளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

இனி கக்கூஸ். இதைச் சொல்லாமல் மோட்டார் வீட்டைப் பற்றி எழுதுகிறவர்களை நம்பவேண்டாம்.

போகிற வழியில் பொதுநிலத்தில் இலவசமாகத் தங்குவதற்குப் பெரும்பாலும் தன்னிறைவுச் சான்றிதழ் வேண்டும், அதாவது தண்ணீரையும் கழிவையும் வாகனத்துக்குள்ளேயே வைத்துச் சமாளிக்கலாம் என்கிற சான்று. முன்பு கட்டிலுக்குக் கீழே ஒரு தூக்குக் கக்கூஸ் இருந்தால் நீல ஸ்ரிக்கர் கிடைத்தது. 2023 யூன் 7 இல் நடைமுறைக்கு வந்த சட்டம் அதை மாற்றியது. இனிப் பச்சை ஸ்ரிக்கர். கக்கூஸ் வாகனத்தோடு நிரந்தரமாகப் பூட்டியிருக்கவேண்டும், கட்டில் விரித்திருக்கும்போதும் போகக்கூடியதாக இருக்கவேண்டும். ஒரு ஆளுக்கு மூன்று நாளுக்கு 12 லீற்றர் தண்ணீர், அதேயளவு கழிவுநீருக்கும் தொட்டி. எங்கள் பஸ்ஸில் இருந்தது நீலம். ஆகவே தச்சர் அழகாகச் செய்த உடுப்பு அலுமாரி ஒன்றை உடைத்து அந்த இடத்தில் கக்கூஸைப் பூட்டினோம். உடைக்கும்போது கை கூசியது. இப்போது பஸ் பார்க்கப் போகிறவர்கள் ஸ்ரிக்கரின் நிறத்தை முதலில் பாருங்கள், நீலமென்றால் அந்தச் செலவை விலையில் பேசுங்கள்.

இதில் எங்கள் ஆட்களுக்கு மட்டுமே உரிய ஒரு கணக்கு இருக்கிறது. கழற்றிக்கொண்டுபோய் ஊற்றுகிற கழிவுப்பெட்டி இருபது லீற்றர் அளவில்தான் கொள்ளும். கடுதாசி பாவிக்கிற ஒரு சோடிக்கு அது மூன்று நாலு நாள் தாங்கும். தண்ணீர் பாவிக்கிற மூன்று பேருக்கு ஒன்றரை நாள். அதனால் எங்கள் பயணங்கள் எல்லாம் கழிவு ஊற்றுகிற நிலையங்களை வைத்தே திட்டமிடப்படுகின்றன. கோயில் தரிசனத்துக்குப் போகிறவர்கள் மடங்களை வைத்துத் திட்டமிடுகிற மாதிரி.

குசினியும் அப்படித்தான். அந்தப் பஸ்ஸில் இருபது வருடமாகத் தேத்தண்ணியும் ரோஸ்ற் பாணும்தான் வெந்திருக்கும். நாங்கள் முதல் நாளே கத்தரிக்காய் பொரித்தோம். திரைச்சீலையில் அந்த மணம் மூன்று கழுவலுக்கு நின்றது. 700 வோற்ஸ் சோற்றுப் பானையைப் பற்றரியில் போட்டால் 12 வோல்ற் கணக்கில் அறுபது அம்பியர் இழுக்கும். அரை மணித்தியாலத்தில் முப்பது. நூறு அம்பியர் மணிக்குரிய பழைய ஈயப் பற்றரியில் பாதியைத்தான் எடுக்கலாம், ஆக எடுக்கக்கூடியதில் அரைவாசிக்கு மேலே ஒரு சோற்றுக்கே போய்விடும். சோறு காஸ் அடுப்பிலேதான். ஊரில் 12.5 கிலோ சிலிண்டரைக் குசினி மூலையில் நிற்பாட்டிப் பழகிய எங்களுக்கு, இங்கே 9 கிலோவை வெளியில் திறக்கிற தனி அலுமாரிக்குள் வைத்து, அதன் அடியில் ஓட்டை விடச்சொன்னது முதலில் புதுமையாக இருந்தது. காஸ் காற்றைவிடப் பாரம், ஒழுகினால் நிலத்தில் படுக்கும், ஓட்டைவழி இறங்கிப் போகவேண்டும். பிட்டு அவித்த அன்று இன்னொன்று கற்றோம். பதினாலு யன்னலும் ஒற்றைக் கண்ணாடி. ஆவி எல்லாம் அதில் போய்ப் படிந்து, ஒரு இரவில் துணி ஒன்று பிழிந்து எடுக்குமளவு தண்ணீர். கூரையில் காற்றாடி பூட்டும்வரை பஸ்ஸில் பிட்டு இல்லை என்று முடிவாயிற்று.

அடுத்த ஏப்ரலில் அம்மா வந்தார். இரண்டு கிழமை வீட்டிலே இருந்துவிட்டு, "உந்த உன்ர பஸ்ஸை ஒருக்காப் பாப்பம்" என்றார். அதிக தூரம் வேண்டாமென்று ஹட்டில் இருந்து அரை மணித்தியாலத்தில் போகக்கூடிய கட்ச்பூல் பள்ளத்தாக்குக்குப் போனோம். அம்மா படியைப் பிடித்து ஏறினார். சீற் இருந்த இடங்களைப் பார்த்தார். கக்கூஸ் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "சமைக்கிற இடத்துக்குப் பக்கத்திலையோ?" என்றார். அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. இரவு இடியப்பமும் சொதியும். நெடுக்குக் கட்டிலை அவருக்கும் மகளுக்கும் விட்டோம். படுக்கமுன் தன்னுடைய கைப்பையை, பாஸ்போர்ட், மருந்து, கொஞ்சக் காசு எல்லாம் உள்ளே போட்டு, செருப்பையும் பக்கத்தில் சேர்த்துக் கதவடியில் வைத்தார். "அங்கை ஏன் அம்மா?" என்று மனைவி கேட்டார். "அது கிடக்கட்டும் பிள்ளை."

நடுச்சாமத்தில் மழை பிடித்தது. தகரக் கூரையில் மழை விழுகிற சத்தம் எனக்கு நல்ல நித்திரை.

விடிய எழும்பினேன். அம்மா எனக்கு முதலே எழும்பி, போர்வையை மடித்து வைத்துவிட்டு இருந்தார். பின்பக்க யன்னலுக்குக் கீழே, தலையணை இருந்த இடத்தில், எங்கள் சொதிச் சட்டி. அரைவாசிக்குத் தண்ணீர். பேத்தியைக் கட்டிலின் மற்றப் பக்கத்துக்கு நகர்த்திப் படுக்க வைத்திருந்தார். நான் ரோச் லைற்றும் விரலும் மூக்கும் வைத்து ஒன்றரை மணித்தியாலம் தேடிக் காணாத ஒழுக்கு, வாங்கிய அன்றைய நல்ல வெயிலில் தெரியாமல் போன அந்த ஒழுக்கு, அங்கே இருந்தது.

"என்னை எழுப்பியிருக்கலாமே அம்மா."

"மழை பெய்யேக்கை உன்னை எழுப்பி என்ன செய்யிறது? கொடிகாமத்திலையும் சட்டிதானே வைச்சனாங்கள்." சட்டியைத் தூக்கி, படியில் நின்று புல்லில் ஊற்றினார். "அந்த ரப்பரைக் கழட்டிப் பார். மேல் மூலையிலை வெடிச்சுக் கிடக்கு. முதல் தேத்தண்ணியைக் குடி."